பாவாயிக்குத் தைத்த காலுறை

ஒரு பெண்ணின் கால்களை ஒன்பது நாள் நான் தவறாகக் கட்டினேன். என்னை இங்கே பேச அழைத்தவர்கள் என் அனுபவம், பொறுமை என்று ஏதேதோ சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். அந்த அனுபவம் தொடங்கிய இடம் அந்த ஒன்பது நாள்தான் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிது. அழுத்தக் காலுறைக்கு அளவெடுக்கவும் பொருத்தவும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அளவு அட்டையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அட்டையில் இல்லாத சில விஷயங்கள் எனக்கு ஒருத்தி மூலமாகத் தெரிய வந்தன. அவள் பெயர் பாவாயி.

அப்போது யுத்த காலம். சேலத்தில் பெண்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் நான். கல்யாணமான இரண்டே வருஷத்தில் கணவர் போய்விட்டார்; குழந்தை இல்லை; நர்ஸ் படிப்புக்கு வந்துவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்னொருத்தியின் ஏக்கம் வந்து நம்முடைய ஏக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது புத்தி கொஞ்சம் மங்கிவிடும். எனக்கு மங்கியது.

பாவாயியை எருமப்பட்டியிலிருந்து அவளுடைய அப்பா அழைத்து வந்தார். நாமக்கல் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால் அந்த வருஷங்களில் பஸ்களைக் கரியை எரித்து ஓட்டினார்கள். மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் ஆட்கள் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும்.

"எல்லாரும் எறங்குனாங்க. நா மட்டும் உக்காந்தே இருந்தனுங்க. பாத்தவிய எல்லாரும் என்ற காலத்தானுங்க பாத்தாங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவளுக்கு இருபத்தாறு வயது. முகம், கை, இடுப்பு எல்லாம் மெலிந்த உடம்பு. இடுப்புக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய கால்களோ போலிருந்தன. தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டும் ஒரே பருமனில் தூண்போல இறங்கின.

"யானைக்காலுங்க" என்றார் அப்பா. "களிம்பு, கசாயம் எல்லாம் பாத்தாச்சு. மாப்ள ஊட்ல கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டாங்க."

நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் பெரிய டாக்டரம்மா அப்போது வெளியூர் போயிருந்தார். யானைக்காலுக்கு எப்படிக் கட்டுவோமோ அப்படியே, விரலில் ஆரம்பித்துத் தொடை வரை, பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும், "மூணு மாசத்துல பாதியாக் குறைஞ்சிடும், கவலைப்படாதே" என்று வேறு சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

அவள் ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். தினமும் நான் கட்டும்போது முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கூச்சம் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. கெண்டைக்கால் முழுவதும் நீலமும் பச்சையுமாகக் கன்றிக் கிடந்தது. என் கட்டின் ஒவ்வொரு சுற்றும் அங்கே வரிவரியாகப் பதிந்திருந்தது.

"ஏம்மா, வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா லேசாக் கட்டிப்போடுவீங்க."

"லேசாக் கட்டினா என்ன?"

"சீக்கரமாக் கொறையாதுங்களே. எனக்குச் சீக்கரமாக் கொறையோணுங்க, நர்சம்மா." பிறகு, "எம்பட புள்ள அங்க இருக்குதுங்க" என்றாள்.

பெண் குழந்தை. பெயர் தங்காயி. நாலு வயது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் புருஷன் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. கால் சரியாகாமல் இந்தப் பக்கம் வராதே, குழந்தைக்கும் தொற்றிக்கொள்ளும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். பாவாயி குழந்தையைக் கடைசியாகப் பார்த்தது தை மாதம். எங்களிடம் வந்தபோது ஐப்பசி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் நான் கட்டைப் பிரிக்கும்போது அவள் தங்காயியைப் பற்றிப் பேசுவாள். நடந்ததைப் பேச மாட்டாள். அந்த நிமிஷம் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்றுதான் பேசுவாள். "இன்னேரம் எந்திரிச்சிருப்பாளுங்க. எந்திரிச்சதும் கொஞ்ச நேரம் ஆருகூடவும் பேச மாட்டா. அது அவிகளுக்குத் தெரியுமோ என்னமோ." இன்னொரு நாள், "இப்பப் பாவாடை கட்டுவாளாட்ட இருக்குது. நாடாவ ஆரு முடிஞ்சுடறாங்களோ" என்றாள். எனக்குப் பிள்ளை இருந்ததில்லை. ஆனால் அந்த மாதங்களில் மல்லசமுத்திரத்தில் ஒரு குழந்தை விழிக்கிற நேரம் எனக்கும் தெரிந்திருந்தது. வேலைக்கு நடுவில் திடீரென்று, தங்காயி இப்போது சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் டாக்டரம்மா திரும்பி வந்தார். பாவாயியின் காலைத் தொடுவதற்கு முன்னால் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கணுக்காலில் வளையம் போட்டதுபோல் பருமன் சட்டென்று நின்றுவிட்டது. அதற்குக் கீழே பாதம் பள்ளிக்கூடப் பெண்ணின் பாதம்போல் எலும்பும் நரம்பும் தெரிய மெலிந்திருந்தது. ஒன்பது நாள் அந்தப் பாதத்தை மடியில் ஏந்திக் கட்டியவள் நான்.

"காய்ச்சல் வந்து தொடையில நெறி கட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க."

"எப்ப ஆரம்பிச்சது?"

"வயசுக்கு வந்ததுல இருந்து கொஞ்சங் கொஞ்சமாங்க. தங்காயி பொறந்த பொறவு சாஸ்தியாயிப் போச்சு."

"உங்க அம்மாவுக்குக் கால் எப்படி?"

"எங்காத்தாளுக்கும் இப்பிடித்தானுங்க. பெரியாத்தாளுக்கும்."

வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "இது யானைக்கால் இல்ல. கொழுப்பு. சாப்பிட்டுச் சேர்ந்ததும் இல்ல. பட்டினி கிடந்தா முகம் வாடும், கை வாடும், கால் வாடாது. யாருக்கும் ஒட்டாது. இதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியல." இன்று உங்கள் புத்தகத்தில் லிப்பிடீமா என்று போட்டிருக்கிறதே, அதுதான். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டபோது எனக்கு நரை விழுந்திருந்தது.

"அப்ப கட்டு வேண்டாமா டாக்டர்?"

"வேணும். தாங்கிப் பிடிக்கறதுக்கு. இளைக்க வைக்கறதுக்கு இல்ல. வலி குறையும், பாரம் குறையும், நடப்பா. நீ அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போய்ச் சொல்லிட்டு வா" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

போனேன். பாதியை மட்டும் சொன்னேன். இது யானைக்கால் இல்லை, யாருக்கும் தொற்றாது என்று சொன்னதும் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், குழந்தையின் பெயரைச் சொன்னாள். மறுபாதியை அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அந்த நாளை இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. உங்களில் பலர் இதைச் செய்வீர்கள். நோயாளியின் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் நாம் சொல்லாமல் விட்ட பாதியை நம்பி அவர்கள் ஒரு வாழ்க்கையைத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

புண் ஆறியதும் எதை அணிவிப்பது என்ற கேள்வி வந்தது. அலமாரியில் யுத்தத்துக்கு முன்பு கப்பலில் வந்த ரப்பர் நூல் காலுறை ஒரே ஒரு ஜோடி இருந்தது. மிகவும் உயர்வான பொருள். அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். தொடையிலிருந்து சுருண்டு இறங்கி முழங்கால் மடிப்பில் கயிறுபோல் உட்கார்ந்துகொண்டது. "நெருப்பு வெச்சாப்புல இருக்குதுங்க" என்றாள். நல்லவேளையாக இந்த முறை சொன்னாள். கழற்றிவிட்டேன். இழுத்தால் நீளும் கட்டுத் துணியைச் சுற்றினேன். தூண்போல் நேராக இறங்கும் காலில் அது நிற்குமா? கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கணுக்காலில் வந்து குவிந்துவிட்டது.

அம்மாபேட்டையில் தறி நெய்யும் பெண் ஒருத்தி எங்கள் ஆஸ்பத்திரியில் முன்பு பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனேன். நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. நான் காலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இழுத்தா குடுக்கற துணி வேணுமா, குடுக்காத துணி வேணுமா?" என்றாள்.

"எனக்குத் தெரியலையே."

"கால் எந்த இடத்துல மடங்கும், எந்த இடத்துல மடங்காது? அது தெரியுமில்ல?"

இரட்டை நூலில் நெய்த கெட்டித் துணி மிச்சம் ஒன்றை எடுத்தாள். நீளவாக்கில் இழுத்துக் காட்டினாள், அசையவில்லை. அதே துணியை இரண்டு எதிர் மூலைகளில் பிடித்து இழுத்தாள், நெகிழ்ந்து நீண்டது. "நேராப் பிடிச்சா நிக்கும். மூலையாப் பிடிச்சா குடுக்கும். துணி ஒண்ணுதாம்மா" என்றாள். உங்களுக்கு இன்று வட்டப் பின்னல், தட்டைப் பின்னல் என்று வகுப்பெடுக்கிறார்கள். எனக்கு அந்த வகுப்பு அம்மாபேட்டையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் நேராக வெட்டிய துணி. முழங்காலுக்கு மட்டும் மூலைவாட்டில் வெட்டிய துண்டு. பக்கவாட்டில் பூட்ஸுக்கு இருப்பதுபோல் துளை போட்டு, நாடா கோத்து இறுக்குகிற மாதிரி செய்வது என்று முடிவு செய்தேன். முதல் ஜோடி வீணாயிற்று. நாள் முழுவதும் நடமாடிய பிறகு மாலையில் அளவெடுத்துவிட்டேன், காலையில் போட்டால் தொளதொளவென்று இருந்தது. அடுத்த முறை அவள் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே போய் அளவெடுத்தேன். தையல் மிஷினில் உட்கார்ந்தது அவள்தான். என் தையலைவிட அவள் தையல் நேராக ஓடும்.

"தையல வெளிப்பக்கம் வெச்சுப்போடலாங்க. உள்ள இருந்தா உறுத்துது. சேல மறைச்சுக்கும்" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

நாடாவை எவ்வளவு இறுக்குவது என்பதையும் அவளிடமே விட்டேன். அதுதான் அந்தக் காலுறையில் நான் செய்த ஒரே நல்ல காரியம். வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது போட்டிருப்பவளுக்குத்தான் தெரியும். முதல் நாள் வாசல் கேட் வரை நடந்தாள். பத்து நாளில் கடைவீதி வரை போய் வந்தாள். "காலு என்ற காலாட்டவே இருக்குதுங்க" என்றாள். அன்று அவள் சிரித்த சிரிப்பை நான் பிறகு எத்தனையோ பெண்களின் முகத்தில் தேடியிருக்கிறேன்.

மார்கழியில் கடிதாசி வந்தது. புதன்கிழமை புருஷன் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் பாவாயி கட்டுப்போடும் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒரே ஒரு நாளுங்க, நர்சம்மா. முன்ன கட்டுனாப்புல இறுக்கிக் கட்டியுடுங்க. அவிய கண்ணுக்கு எளச்சாப்புலத் தெரியட்டும். போயிப் புள்ளயத் தூக்கிக்கிட்டன்னா பொறவு என்ன ஆனாலும் செரி."

கட்டியிருக்கலாம். ஒரு நாள் இறுக்கிக் கட்டினால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். கன்றும், புண் மறுபடி திறக்கும், ஆறும். அவளே கேட்கிறாள். எனக்கும் அந்தக் குழந்தை அவள் மடியில் உட்கார வேண்டும் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கட்டுத் துணிச் சுருளை நான் கையில் எடுத்துவிட்டேன். சுருளின் முனையைப் பிரிக்கும்போதுதான் அதற்கு அடுத்த நாளை நினைத்தேன். அவளை அழைத்துப் போவார்கள். கட்டைப் பிரிப்பாள். கால் பழையபடி நிற்கும். ஏமாற்றிவிட்டாள் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த வாசல் அவளுக்கு எப்போதுமே திறக்காது.

"பாவாயி, அது குறையாது" என்றேன்.

"புதங்கெழமைக்குள்ளீங்களா?"

"எப்பவுமே."

அவள் என்னையே பார்த்தாள். "மூணு மாசம்னீங்களே?"

"தெரியாம சொன்னேன். தெரிஞ்ச பிறகும் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து நாடாவைத் துளை துளையாக உருவி, இரண்டு காலுறைகளையும் கழற்றி, மடித்து என் மேஜையில் வைத்தாள். "அப்ப இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"நடக்கறதுக்கு."

அவள் வெறுங்காலோடு படுக்கைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. காலுறைகளை அவள் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அவர் வந்தார். முப்பது வயது இருக்கும். நான் மனதுக்குள் ஒரு முரடனைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் ஒரு பை நிறையக் கடலைக்காயைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்ற மனுஷர். "எப்பிடீங்க இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். பயந்திருந்தார். உள்ளே அழைத்துப் போனேன்.

பாவாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேலை விளிம்புக்குக் கீழே நாடா தெரிந்தது. இரண்டு காலிலும் காலுறையைப் போட்டிருந்தாள்.

இது யானைக்கால் இல்லை என்று அவரிடம் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொடுத்தேன். அவளுடைய பாதத்தைக் காட்டினேன். அவர் குனிந்து, மனைவியின் பாதத்தை முதல் தடவை பார்ப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார். "எங்கம்மா தொத்திக்கும்னு சொல்லுதுங்க" என்றார்.

"தொத்தாது. இத்தனை மாசமா நான் தினமும் தொடறேன்."

"செரிங்க. அப்ப எப்பக் கொறையுமுங்க?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பாவாயி பேசினாள். "கொறையாதுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"கொறையாது. ஆருக்கும் தொத்தாது. வலி இல்லாம நடக்கறேன். பால் கறப்பேன், களை எடுப்பேன். எம்பட புள்ளைக்குத் தல சீவியுடுவேன். அவ்வளவுதானுங்க."

அவர் கடலைக்காய்ப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அம்மாகிட்டக் கேக்கோணும்" என்றார் கடைசியில்.

"கேளுங்க" என்றாள்.

கடலைக்காய்ப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு அவர் போனார். மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கேட் வரை நடந்து போவாள், திரும்பி வருவாள். அந்த மூன்று வாரத்தில் அவள் நடந்த தூரத்தைச் சேர்த்தால் மல்லசமுத்திரமே வந்திருக்கும். அந்தக் கடலைக்காயை அவள் தொடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

தை பிறந்து அப்பா அழைத்துப்போக வந்தார். பாவாயி அவரிடம், "அய்யா, நா எருமப்பட்டிக்கு வல்லீங்க. மல்லசமுத்தரம் போறேன்" என்றாள்.

"கூப்புடாம எப்பிடிச் சாமி போறது?"

"கூப்புடறவரைக்கும் எம்பட புள்ள வளராம நிக்குமுங்களா?"

கூப்பிடாத சம்பந்தி வீட்டுக்கு அவர் போக முடியாது. அது எங்களுக்குப் புரிந்தது. பாவாயி என் பக்கம் திரும்பினாள். "நீங்க வாறீங்களா? வாசல் வரைக்கும் வந்தாப் போதுமுங்க."

டாக்டரம்மா ஒரு நாள் லீவு கொடுத்தார். மல்லசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காடுகளுக்கு நடுவே மூன்று மைல் வண்டித்தடம். பாதி வழியில் அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலில் இரண்டு துளை நாடாவைத் தளர்த்தினாள். நானாக இருந்தால் அந்த இடத்தில் இறுக்கியிருப்பேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தளர்த்திய பிறகு முன்னைவிட வேகமாக நடந்தாள்.

மாமியார் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு வந்த?" என்றாள்.

"எம்பட புள்ளயப் பாக்கறதுக்குங்க."

"ஆரு கூட்டியாந்தது?"

"ஆருமில்லீங்க. நடந்து வந்தேன்."

"மல்லசமுத்தரத்துல இருந்தா?"

"ஆமாங்க."

அந்தம்மாள் அவள் காலைப் பார்த்தாள், நாங்கள் வந்த தடத்தைப் பார்த்தாள். முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது. பாவாடை கட்டியிருந்தது.

"தங்காயி, நா ஆருன்னு தெரியுதா கண்ணு?"

குழந்தை யோசித்தது. "தெரியலீங்க" என்றது.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லித்தான் வளர்ப்பார்கள். வீட்டுக்கு வருகிற வேற்று ஆளிடம் பேசுவதுபோல் அது தன் தாயிடம் பேசிற்று. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மாமியாரிடம் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்று வாய் துடித்தது. பாவாயி என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். பிறகு, "செரி கண்ணு" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, வாசலோரம் இருந்த வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "எவ்வளவு நேரம் இப்படியே இருப்ப?" என்று கேட்டேன்.

"இருக்கறேனுங்க. நீங்க பாத்துப் போங்க."

தடத்தில் நடக்கும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது குழந்தை பாட்டியின் பக்கத்தை விட்டுச் சில அடி முன்னால் வந்து, மரத்தடியில் இருந்த கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் சோளத்தட்டு மறைத்துவிட்டது.

பங்குனியில் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து மிச்சத்தைச் சொன்னார். அன்று பொழுது சாயும் நேரம் காட்டிலிருந்து திரும்பிய புருஷன், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாளைக் குடிசையில் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார். மாமியார் ஒரு மாதம் பேசவில்லை. மூன்றாம் நாள் தங்காயி கிட்ட வந்து, அந்த நாடாவை நான் கோக்கட்டுங்களா என்று கேட்டிருக்கிறாள். சோள அறுப்பில் பாவாயி விடியலிலிருந்து உச்சி வரை நின்று வேலை செய்வதைப் பார்த்த மாமியார், ஒரு நாள் ஒன்றும் பேசாமல் மோர்ச் சொம்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பிறகு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். "புள்ள இப்ப அவகூடத்தான் படுத்துக்குதுங்க" என்றார்.

பிறகு நாலு வருஷம் அவர் மூலமாக வருஷத்துக்கு இரண்டு ஜோடி தைத்து அனுப்பினேன். பழையதைத் திருப்பிக் கொண்டுவருவார். அந்தப் பழைய துணியைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். வலது முழங்கால் மட்டும் தேய்ந்திருந்தால், மண்டியிட்டுப் பால் கறக்கிறாள் என்று தெரியும். அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைப்பேன். மேல் துளைகள் கிழிந்திருந்தால் தொடை இன்னும் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று தெரியும். தேய்ந்து வந்த காலுறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நேரில் வர முடியாதவள் உங்களுக்கு எழுதுகிற கடிதம் அது. எனக்கு அவளிடமிருந்து வேறு கடிதம் வந்ததில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது.

அப்பா காலமான பிறகு யாரும் வரவில்லை. இரண்டு ஜோடி தைத்து வைத்துக் காத்திருந்தேன். தை மாதம் வந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். போகவில்லை. அவள் வீட்டில் எனக்கு என்ன உரிமை என்று ஒரு தயக்கம். சில பெண்களுக்குக் கட்டுப் போடும்போது காலையில் அவர்களாக ஏதாவது பேசமாட்டார்களா என்று காத்திருப்பேன். அவர்கள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர் பார்க்கப் போயிருந்தேன். ஜனக் கூட்டத்தில் எனக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். சேலை விளிம்புக்குக் கீழே தையல் வெளிப்பக்கம் தெரிகிற காலுறை. நான் தைத்ததில்லை, பார்த்ததுமே தெரிந்தது, அவளே தைத்துக்கொண்டது, என்னுடையதைவிட நேரான தையல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ விடாமல் பேசிக்கொண்டே வந்தது.

"பாவாயி!" என்று கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். மூச்சு வாங்கியது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன். தாயும் மகளும் திரும்பவில்லை. அவர்கள் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.